வடிகால்: சரிவு, சேறு, கூட்டுழைப்பு

மழைநீர் தானாக வடிய வேண்டுமானால், இறங்குவதற்கு ஒரு சரிவும் போய்ச் சேர்வதற்குத் தாழ்வான ஓர் இடமும் வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் பள்ளமே வடிகால் வாய்க்கால். வெட்டிவிட்டால் அது அப்படியே நிற்பதில்லை. ஒவ்வொரு மழையும் மண்ணைக் கொண்டுவந்து சரிவைக் கொஞ்சம் அழிக்கிறது. இடைப்பட்ட வெயில் நாள்கள் புல்லை வளர்த்து ஓட்டத்தைத் தடுக்கின்றன. வடிகாலைப் பராமரிப்பது என்றால் அழிந்த சரிவைத் திரும்பத் திரும்ப மீட்பதுதான். அந்த வேலையை ஊர் மக்கள் மண்வெட்டியும் பாராங் கத்தியுமாக இறங்கிச் செய்யும்போது, எதனால் பலன் கிடைக்கிறது, எந்த எல்லைக்கு மேல் கிடைப்பதில்லை என்பவற்றுக்கு நீரியலில் தெளிவான விடை உண்டு. மலேசியாவில், பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் பாருவும் அதைச் சுற்றியுள்ள கம்போங்குகள் எனப்படும் கிராமங்களும் அந்த விடையைப் பொருத்திப் பார்க்க ஏற்ற நிலம்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

பினாங்குத் தீவின் பரப்பு ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர்தான். அதன் நடுவில் வடக்கு தெற்காகக் கருங்கல் மலைத்தொடர் ஓடுகிறது; உச்சியான பினாங்கு மலை 833 மீட்டர் உயரம். மலையடியிலிருந்து கடல்வரை சமவெளி சில கிலோமீட்டர் அகலமே. ஆகவே இங்குள்ள ஆறுகள் குட்டையானவை. மேல்பகுதியில் செங்குத்தாக இறங்கும் நீர், சமவெளியைத் தொட்டதும் திடீரென வேகம் இழக்கிறது. மலையில் பெய்த மழை ஓரிரு மணி நேரத்துக்குள் கீழே வந்து சேர்ந்துவிடும். காவிரி போன்ற நெடிய ஆற்றில் வெள்ளம் வரும் செய்தி நாள்கணக்கில் முன்னால் வரும். இங்கே அந்த அவகாசம் இல்லை.

பாயான் பாருவின் நீர் சுங்கை குளுவாங் படுகையைச் சேர்ந்தது. சுங்கை ஆராவும் சுங்கை ரெலாவும் மலைப்பக்கமிருந்து இறங்கி அந்த ஆற்றில் கலந்து கிழக்குக் கரையில் கடலை அடைகின்றன. ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொருமுறையும் அது உச்சம் பெறுகிறது. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்வது சராசரியாக 1,400 மில்லிமீட்டர். பினாங்கில் 2,400 மில்லிமீட்டரைத் தொடும். அதைவிட முக்கியமானது மழையின் செறிவு. பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். வடிகாலின் அளவைத் தீர்மானிப்பது ஆண்டு மழை அன்று. அந்த ஒரு மணி நேரம்தான்.

வயல் செய்துவந்த வேலை

1969இல் அமைக்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகம், பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற தொழில் வட்டாரத்தைத் தொடங்கியது. அங்கே வேலைக்கு வருவோர் குடியிருக்க எழுப்பப்பட்ட புதுநகரம் பாயான் பாரு. அதற்கு முன் அந்தச் சமவெளியில் நெல்வயல்களும் தோப்புகளும் கம்போங் வீடுகளும் இருந்தன.

வயல் நெல் விளையும் இடம் மட்டுமல்ல, வெள்ளத்தைத் தாங்கும் தொட்டியுமாகும். வரப்பு 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் ஒரு ஹெக்டேர் வயல் 1,500 கன மீட்டர் நீரைப் பிடித்து வைத்து, மடை வழியே மெதுவாக விடும். மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டடம் எழுப்பியபின் அந்தக் கொள்ளளவு போய்விடுகிறது. நீர் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. மரமும் புல்லும் நிறைந்த நிலத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உடனே ஓடிவருகிறது என்று கொண்டால், கூரையும் தார்ச்சாலையும் மூடிய நிலத்தில் அது 90 விழுக்காட்டை எட்டும்.

மேடாக்கப்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு நடுவே பழைய கம்போங் தன் பழைய மட்டத்திலேயே நிற்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. முன்பு சுற்றுவட்டாரத்தோடு சமமாக இருந்த ஊர், இப்போது தாழ்வான இடமாகிவிடுகிறது. பக்கத்து நிலத்தின் நீரும் அங்கேயே இறங்குகிறது. அந்த ஊரின் மண் வாய்க்கால்கள் வெட்டப்பட்டது வயல்காலத்து நீருக்கு. இன்று அவை சுமக்க வேண்டியது நகரத்து நீரை.

ஒரு வாய்க்கால் எவ்வளவு நீரைச் சுமக்கும்?

திறந்த வாய்க்காலில் நீரோட்டத்தின் வேகத்தைக் கணிக்க உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் ராபர்ட் மானிங் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1846இல், பெரும் பஞ்சக் காலத்தில், அயர்லாந்துப் பொதுப்பணி அலுவலகத்தின் வடிகால் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். சூத்திரத்தை 1889இல் முன்வைத்தார். வேகத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன என்கிறது அது.

முதலாவது சரிவு. சரிவின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகம் மாறும். வேகத்தை இரு மடங்காக்கச் சரிவு நான்கு மடங்காக வேண்டும். சமவெளியில் அதற்கு வழியில்லை. கிடைக்கும் சரிவைக் காப்பாற்றத்தான் முடியும்.

இரண்டாவது வடிவம். நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பை, நீர் நனைக்கும் அடிப்பகுதி மற்றும் கரைகளின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது நீரியல் ஆரம். ஒரே அளவு நீர் அகலமாகப் பரவி மெல்லிய தாளாக ஓடினால் அடித்தரையோடு அதிகம் உராய்கிறது. குறுகி ஆழமாக ஓடினால் குறைவாக உராய்கிறது. சேறு படிந்து ஆழம் குறைந்த வாய்க்கால் தன் பரப்பை மட்டுமின்றி வேகத்தையும் இழப்பது இதனால்தான்.

மூன்றாவது சொரசொரப்பு. வழுவழுப்பான கான்கிரீட்டுக்கு அதன் எண் 0.013. சிறு புல் முளைத்த, நேரான மண் வாய்க்காலுக்கு 0.027. நீர்மட்டம் வரை அடர்ந்த களை இருந்தால் 0.080. இந்த எண் ஏற ஏற வேகம் அதே விகிதத்தில் குறைகிறது.

கம்போங் வாய்க்கால் ஒன்றை வைத்துக் கணக்கிடலாம். அடி அகலம் 60 சென்டிமீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர், இருபுறமும் 45 பாகைச் சரிவான கரை, 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். தூர்வாரிய நிலையில் இது நொடிக்கு ஏறத்தாழ 390 லிட்டர் நீரைக் கொண்டுசெல்லும். பாதி ஆழம் வரை சேறு படிந்து களை இல்லாமல் இருந்தால் 190 லிட்டர். சேறு இல்லாமல் களை மட்டும் அடர்ந்திருந்தால் 130 லிட்டர். சேறும் களையும் சேர்ந்தால் 65 லிட்டர், அதாவது ஆறில் ஒரு பங்கு.

இனி மழையின் பக்கம். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை 6 ஹெக்டேரில் பெய்தால் நொடிக்குச் சரியாக 1,000 லிட்டர் நீர் விழுகிறது. மரங்கள் நிறைந்த கம்போங்கில் அதில் 400 லிட்டர் வாய்க்காலுக்கு வரும். தூர்வாரிய வாய்க்கால் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றுக்கொள்ளும். தூர்ந்த வாய்க்கால் 65 லிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 335 லிட்டரை வெளியே விடும். ஒரு மணி நேரத்தில் அது 1,200 கன மீட்டராகிறது. அந்த நீர் ஊரின் தாழ்வான ஒரு ஹெக்டேரில் தேங்கினால் 12 சென்டிமீட்டர் ஆழம். வாசற்படியைத் தாண்ட அது போதும். அதே 6 ஹெக்டேரும் கூரையும் தாருமாக மாறியிருந்தால் வரும் நீர் 900 லிட்டர். எவ்வளவு நன்றாகத் தூர்வாரினாலும் அந்த வாய்க்காலுக்கு அது அடங்காது.

சேறு எங்கிருந்து வருகிறது?

பினாங்கின் கருங்கல் பாறை வெப்பத்திலும் மழையிலும் சிதைந்து இரண்டு வகை மண்ணைத் தருகிறது: பரல் போன்ற குவார்ட்ஸ் மணலும் மிக நுண்ணிய களிமண்ணும். மலைச்சரிவில் காடு இருக்கும்வரை வேரும் சருகும் அவற்றைப் பிடித்து வைக்கின்றன. சரிவை வெட்டிக் கட்டுமானம் தொடங்கியதும் மழைநீர் செம்மண் நிறத்தில் இறங்குகிறது.

இந்தத் துகள்கள் எங்கே படியும் என்பதை அவற்றின் பருமன் சொல்கிறது. 0.2 மில்லிமீட்டர் மணல் அசையாத நீரில் நொடிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இறங்கும். 0.02 மில்லிமீட்டர் வண்டல் 30 சென்டிமீட்டர் ஆழத்தைக் கடக்கக் கால் மணி நேரம் ஆகும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு அதே தொலைவுக்கு ஒரு நாள் வேண்டும். எனவே மலையடியில் சரிவு குறையும் இடத்திலேயே மணல் குவிகிறது. வண்டல், கம்போங் வாய்க்கால்களின் தேங்கிய பகுதிகளில் படிகிறது. களிமண் கடல்வரை போகும். கழிமுகத்தில் உப்புநீரைச் சந்தித்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அங்கே படிகின்றன. ஆற்றுவாய் தூர்ந்துபோவதில் இதற்கும் பங்குண்டு.

ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்கு மேல் இருந்தால் வாய்க்கால் பெரும்பாலும் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது பொறியாளர்களின் பொது விதி. மேலே கணக்கிட்ட வாய்க்காலில் வாரிய நிலையில் வேகம் 0.54 மீட்டர், அந்த எல்லைக்குச் சற்றே கீழே. களை அடர்ந்தால் 0.18 மீட்டர். களை வேகத்தைக் குறைக்கிறது. குறைந்த வேகத்தில் வண்டல் படிகிறது. படிந்த வண்டலில் களை இன்னும் செழிக்கிறது. தூர்தல் ஒருமுறை தொடங்கினால் விரைந்து முற்றுவது இப்படித்தான்.

சேற்றை வாருவதைவிட அதை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது எளிது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கான் எனப்படும் வடிகால் வெட்டும்போது அடியில் இடைவெளிவிட்டுக் குழிகள் தோண்டி, குழிகளுக்கு நடுவே குறுக்கு வரப்பு விடும் முறை நெடுங்காலமாக உண்டு. நீர் குழியில் நின்று மண்ணைக் கீழே விட்டுவிட்டு வரப்பைத் தாண்டி வழிகிறது. தொழிலாளர்கள் அந்த மண்ணை அள்ளிச் செடிகளுக்குத் திரும்பப் போடுகிறார்கள். சமவெளி வடிகாலின் தலைப்பில் வெட்டும் வண்டல் குழியும் அதே வேலையைச் செய்கிறது. ஆண்டுக்கு இரண்டுமுறை குழியை மட்டும் வாரினால் கீழேயுள்ள நீண்ட வாய்க்கால் பல ஆண்டுகள் தாங்கும்.

கடல் மூடும் வாசல்

தாழ்ந்த கரையோர நிலத்தில் வாய்க்காலின் கடைசி எல்லையைக் கடல் தீர்மானிக்கிறது. பினாங்கில் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டுமுறை. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டரை எட்டும். ஏற்ற நேரத்தில் கடல்மட்டம் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட உயர்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியில்லை. வாய்க்கால் அப்போது தொட்டியாகிவிடுகிறது.

இதற்காகவே வாய்க்காலின் வாயில் ஒருவழிக் கதவு பொருத்துகிறார்கள். உள்ளே நீர் உயர்ந்தால் அது திறக்கும். கடல் உயர்ந்தால் அதன் அழுத்தமே கதவை மூடும். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரை நெடுக, நெல்லும் தென்னையும் விளைந்த கடலோரத் தாழ்நிலங்களைக் காத்தவை இத்தகைய கதவுகளும் மண் அணைக்கரைகளும். கதவின் விளிம்பில் ஒரு கட்டை சிக்கினாலும் கடல்நீர் உள்ளே ஏறும். கீல் துருப்பிடித்தால் மழைநீர் வெளியேறாது. கதவைப் பார்க்காமல் மேலே எவ்வளவு தூரம் தூர்வாரினாலும் பலன் பாதியே.

கனமழையும் பெரிய ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் கதவு மூடியிருக்கும் அந்த நாலைந்து மணி நேரத்துக்கு நீரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். வாய்க்காலின் கொள்ளளவுக்கு அப்போதுதான் இரண்டாவது பயன் வருகிறது. மேற்சொன்ன வாய்க்காலில் 300 மீட்டர் நீளம் 216 கன மீட்டர் நீரைப் பிடிக்கும். பாதி தூர்ந்தால் 135 கன மீட்டரே. சேமிப்பு கூடுதலாக வேண்டுமானால் குளமோ தாழ்வான திடலோ வேண்டும்.

எதை முதலில் செய்வது?

தன்னார்வலர்களின் நேரம் அளவானது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளே கிடைக்கும். ஆகவே வேலையின் வரிசை முக்கியம்.

முதல் வேலை நடந்து பார்ப்பது. மழை பெய்யும்போதோ ஓய்ந்த உடனேயோ வாய்க்காலின் ஓரமாக வாய்முதல் தலைப்புவரை நடந்தால், நீர் எங்கே தேங்குகிறது, எங்கே எதிர்த்துத் திரும்புகிறது என்பது தெரிந்துவிடும். வெயில் நாளில் பார்த்தால் குப்பைதான் கண்ணில் படும்.

இரண்டாவது, குறுகலான இடத்தைக் கண்டுபிடிப்பது. பல கம்போங்குகளில் அது வீட்டுக்குள் வண்டி போவதற்காகப் போட்ட குழாய்ப் பாலமாக இருக்கும். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய் அதே சரிவில் நொடிக்கு 90 லிட்டர்தான் விடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் மேற்புறத்தில் நீர் ஏறி நின்று அழுத்த வேண்டும். அந்த ஏறிய நீர்தான் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. 390 லிட்டர் வாய்க்காலில் இப்படி ஒரு குழாய் இருந்தால் முழு வாய்க்காலும் அந்தக் குழாயின் அளவுக்குச் சுருங்கிவிடும். நெகிழிப் பைகளும் தென்னை மட்டையும் அதில் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம்.

மூன்றாவது, கீழிருந்து மேலே போவது. மேல்பகுதியை முதலில் வாரினால் நீர் முன்பைவிட வேகமாகக் கீழே வந்து, வாராத பகுதியில் முட்டிக் கரையைத் தாண்டும். மேல்வீட்டுக்காரரின் நிம்மதி கீழ்வீட்டுக்காரரின் வெள்ளமாகிவிடும். வாயில் தொடங்கி மேல்நோக்கி நகரும்போது ஒவ்வொரு நாளின் வேலையும் உடனே பயன் தரும்.

நான்காவது, களையா சேறா என்ற கேள்வி. மேற்சொன்ன வாய்க்காலில் 300 மீட்டருக்குப் படிந்துள்ள சேறு 81 கன மீட்டர். ஈரத்தோடு 130 டன் எடை. மண்வெட்டி பழகிய தொழிலாளி ஒருவர் நாளுக்குச் சுமார் 2 கன மீட்டர் வெட்டி எடுக்கலாம். பழக்கமில்லாதவர் அரை நாளில் 0.6 கன மீட்டர் எடுத்தால் அதுவே நல்ல வேலை. முப்பது பேர் கூடினாலும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்படும். களையை அறுத்து வெளியே போடுவதற்கோ ஒரு காலை போதும். அந்த ஒரு காலை வேலை, ஓட்டத்தை 65 லிட்டரிலிருந்து 190 லிட்டராக, ஏறத்தாழ மும்மடங்காக உயர்த்துகிறது. களையை விட்டுச் சேற்றை மட்டும் எடுத்தால் கிடைப்பது இரு மடங்கே. எனவே மழைக்காலம் நெருங்கிவிட்டால் முதலில் களை, பிறகு சேறு. அளவில் பெரிய சேற்றுக்குச் சிறிய மண்வாரி இயந்திரம் ஒரு நாளில் முடிக்கும் வேலையைத் தோளில் சுமப்பதில் பொருளில்லை. இயந்திரம் நுழைய முடியாத, வீடுகளுக்கு நடுவேயுள்ள துண்டுகளில்தான் மனித உழைப்புக்கு ஈடில்லை.

ஐந்தாவது, மட்டம் பார்ப்பது. 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் என்பது 20 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். கண்ணால் இதை அறிய முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் இதற்குப் போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், அங்கிருந்து தரைவரை அளந்தால் இறக்கம் தெரிந்துவிடும். மட்டம் பாராமல் ஓரிடத்தில் கூடுதலாகத் தோண்டினால் ஓட்டம் கூடாது. குழி விழுந்து நீர் தேங்கும். பழைய அடித்தரைக்குக் கீழே தோண்டுவது கரையையும் அருகிலுள்ள சுவரின் அடித்தளத்தையும் பலவீனமாக்கும்.

கரைகளுக்கும் விதியுண்டு. களிமண் கரை 45 பாகைச் சாய்வில் நிற்கும். மணற்பாங்கான கரைக்கு அதைவிடப் படுத்த சாய்வு வேண்டும். செங்குத்தாக வெட்டிய கரை அடுத்த மழையில் சரிந்து வாய்க்காலுக்குள்ளேயே விழும். அள்ளிய சேற்றைக் கரையோரத்தில் குவித்தாலும் அதே கதி. கரையிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் பரப்ப வேண்டும், அல்லது அப்புறப்படுத்த வேண்டும். கரையின் மேற்புறப் புல்லை வேரோடு பிடுங்காமல் அறுத்து விடுவதே நல்லது. வெட்டிவேர் நட்டால் அதன் ஆழமான வேர் மண்ணைப் பிடிக்கும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்கள் முதன்மையானவை. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியே லெப்டோஸ்பைரா நுண்ணுயிர் தோலின் கீறல்களில் நுழைந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்கக் கூடாது. வேலைக்குப் பின் காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று, மூடிய நீண்ட குழாய்க்குள் யாரும் நுழையவே கூடாது. அழுகும் சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும்.

கொசுவும் மீனும்

மலாயாவில் டெங்கு பற்றிய முதல் பதிவு 1902இல் பினாங்கிலிருந்து வந்தது. வாய்க்காலைச் சுத்தம் செய்ய மக்கள் திரளுவதற்கு வெள்ளத்தைப் போலவே கொசுவும் காரணம். ஆனால் எல்லாக் கொசுவும் ஒரே நீரில் வளர்வதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வாளி, டயர், தேங்காய் ஓடு போன்றவற்றில் நிற்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. அழுக்கான சாக்கடை நீர் க்யூலெக்ஸ் கொசுவின் இருப்பிடம். அடைபட்ட கான்கிரீட் கால்வாயில் தெளிந்த நீர் நின்றால் ஏடிஸும் அங்கே முட்டையிடும்.

முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறையேனும் நீர் முழுக்க வடிந்துபோகும் வாய்க்காலில் கொசு வளராது. சரிவு தப்பி விழுந்த குழிகள் நிறைந்த வாய்க்கால், வெளித்தோற்றத்துக்குச் சுத்தமாக இருந்தாலும் கொசுவை வளர்க்கும். எப்போதும் நீர் நிற்கும் மண் வாய்க்காலில் விரால், பனையேறி போன்ற மீன்கள் இருந்தால் அவை புழுக்களை உண்டு கட்டுப்படுத்தும். முழு வாய்க்காலையும் ஒரே நாளில் வெறுமையாக்கினால் மீனும் தவளையும் தட்டானும் போய்விடும். அவற்றைவிட முந்தித் திரும்பி வருவது கொசு. அதனால் இந்தப் பருவத்தில் ஒரு கரை, அடுத்த பருவத்தில் மறு கரை என்று களை அறுக்கும் முறையை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கைக்கொள்கிறார்கள்.

யார் வாருவது?

மலேசியாவில் ஆறுகளும் பெரிய வடிகால்களும் 1932இல் தொடங்கிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. சாலையோரக் கால்வாய்களை ஊராட்சி மன்றம் பார்க்கிறது. பாயான் பாருவுக்கு அது பினாங்குத் தீவு மாநகர் மன்றம். தோப்புக்குள்ளும் வீட்டுப் பின்புறத்திலும் ஓடும் மண் வாய்க்கால்கள் பெரும்பாலும் தனியார் நிலத்தில் இருப்பதால் எந்தப் பட்டியலிலும் சேராமல் போகின்றன. ஒருவர் தன் துண்டை மட்டும் வாரினால் பயனில்லை. எல்லாரும் வாரினால்தான் நீர் ஓடும். கூட்டுழைப்பு அவசியமாவது இந்த இடைவெளியில்தான். மலாய்க் கம்போங்குகளின் கோத்தோங் ரோயோங் வழக்கம் அதற்கென்றே இருப்பது. கிராம நிர்வாக மன்றமும், 1975இல் தோன்றிய ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பும், பள்ளிவாசல், கோயில் குழுக்களும் நாள் குறித்து ஆளைச் சேர்க்கின்றன. மாநகர் மன்றம் குப்பை லாரியை அனுப்புகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையானது குடிமராமத்து. ஏரி, வாய்க்கால் பராமரிப்பை ஊராரே செய்துவந்த அந்த வழக்கம் தளர்ந்தபோது, கட்டாயப்படுத்தி மீட்கப் பிரிட்டிஷ் ஆட்சி 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்தை அரசுத் திட்டமாக மீண்டும் தொடங்கியது. பாசனதாரர்கள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது அதன் ஏற்பாடாக இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபின் பேராவூரணி வட்டார இளைஞர்கள் கைஃபா என்ற அமைப்பாகத் திரண்டு ஏரிகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரினர். கேரளத்தில் ஹரித கேரளம் மிஷன் 2019 டிசம்பரில் தொடங்கிய ‘இனி ஞான் ஒழுகட்டே’ இயக்கம், உள்ளாட்சிகளையும் தன்னார்வலர்களையும் சேர்த்துச் சிற்றோடைகளைச் சுத்தம் செய்தது.

நெதர்லாந்தின் நீர் வாரியங்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்குகின்றன. அங்கே நிலம் வைத்திருப்பவர் தன் எல்லையிலுள்ள வாய்க்காலை வாரி வைத்திருக்க வேண்டும், இலையுதிர் காலத்தில் வாரியத்தின் ஆய்வாளர் வந்து பார்ப்பார், வாராதவருக்குத் தண்டம். இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் நிலைத்தவை, வேலை எப்போது என்பதும் யார் பார்வையிடுவார் என்பதும் முன்கூட்டியே முடிவானவை. வெள்ளம் வந்தபின் எழும் உற்சாகத்தை மட்டும் நம்பிய முயற்சிகள் களை மீண்டும் முளைக்கும் வேகத்துக்குத் தோற்றுப்போகின்றன. பினாங்கின் வெப்பத்தில் அதற்குச் சில வாரங்களே போதும்.

தூர்வாருதலின் எல்லை

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு தன் வரலாற்றின் மிக மோசமான வெள்ளங்களில் ஒன்றைச் சந்தித்தது. தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து வந்த தாழ்வு மண்டலம் சில இடங்களில் ஒரு நாளுக்குள் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் தற்காலிக முகாம்களுக்குப் போனார்கள். அடுத்த நாள்களில் பல மாநிலங்களிலிருந்து தன்னார்வலர்கள் வந்து வீடுகளிலும் தெருக்களிலும் படிந்த சேற்றை அள்ளினர்.

அந்த மழையை 24 மணி நேரத்துக்குச் சராசரியாக்கினால் மணிக்கு 13 மில்லிமீட்டர்தான். தூர்வாரிய கம்போங் வாய்க்கால் தாங்கும் அளவே. ஆயினும் மழை சராசரியாகப் பெய்வதில்லை. முதல் சில மணி நேரத்தில் நிலம் ஊறிவிட்டால், அதன்பின் தோப்பும் தார்ச்சாலையைப் போலவே நீரை வெளியே விடும். ஆறு கரைவரை நிறைந்துவிட்டால் வாய்க்காலின் நீர் சேர இடமில்லாமல் பின்னோக்கித் தள்ளப்படும். அப்போது வாய்க்காலின் அளவும் சுத்தமும் எதையும் மாற்றுவதில்லை. தூர்வாருவதன் பலன், ஆண்டில் பலமுறை வரும் பிற்பகல் மழைகளில் வீட்டுக்குள் நீர் நுழையாமல் தடுப்பதிலும், பெருவெள்ளத்துக்குப் பின் தேங்கிய நீர் நாள்கணக்கில் நிற்காமல் மணிக்கணக்கில் வடிவதிலும் இருக்கிறது.

மிகைநீரைக் குறைக்க வேண்டிய இடம் வாய்க்காலுக்கு வெளியே உள்ளது. வடிகால், நீர்ப்பாசனத் துறை 2001 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்து 2012இல் திருத்திய நகர்ப்புற மழைநீர்க் கையேடு, நீரை வேகமாக வெளியேற்றும் பழைய நோக்கத்தை மாற்றியது. புதிய குடியிருப்பிலிருந்து வரும் உச்ச ஓட்டம், கட்டுமானத்துக்கு முன்பிருந்த அளவைத் தாண்டாதபடி அங்கேயே தேக்கி விட வேண்டும் என்கிறது அது. இதை நேரில் காட்டும் இடமும் பினாங்கிலேயே உள்ளது. நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் 2003இல் தொடங்கிவைக்கப்பட்ட உயிரியல் வடிகால் முறையில், மழைநீர் கான்கிரீட் கால்வாய்க்குப் பதில் ஆழமற்ற புல் ஓடைகளில் மெதுவாக நகர்ந்து, அடியிலுள்ள துளைப் பெட்டிகளில் ஊறி, உலர் குளங்களையும் ஈரநிலத்தையும் கடந்தே ஆற்றை அடைகிறது.

கம்போங் அளவில் இதே கொள்கைக்குச் செலவு குறைவு. முற்றத்தை முழுக்கச் சிமெண்டு பூசாமல் விடுவது, கூரைநீரைத் தொட்டியில் பிடிப்பது, தாழ்வான பந்துத் திடலை மழைக்காலத்தில் நீர் நிற்க விடுவது ஆகியவை வாய்க்காலுக்கு வரும் 400 லிட்டரைக் குறைக்கும். மார்ச்சிலும் ஆகஸ்டிலும், அதாவது இரண்டு மழைப்பருவங்களுக்கும் ஒரு மாதம் முன்னால், களை அறுப்பு. ஆண்டுக்கு இரண்டுமுறை வண்டல் குழியையும் ஒருவழிக் கதவையும் பார்வையிடுதல். சேறு கால் பங்கு ஆழத்தைத் தொட்டதும் வாருதல். இந்த அட்டவணையைக் கைக்கொள்ளும் ஊருக்கு, முப்பது பேர் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் சேற்றில் நிற்கும் தேவை எழுவதில்லை.